ஒரே காயலா, பல ஏரிகளா?

கழக்கூட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தூண்டில் போடும் பழக்கமுடையோர் சிலர் உளர். ஓய்வுநாள் வந்துவிட்டால் அவர்களிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு. ஆண்டு முழுவதும் ஒரே காயலில் தூண்டில் போடுவது நல்லதா, வாரத்துக்கு ஓர் ஏரியாக மாறிச் செல்வது நல்லதா என்பதே அவ்வழக்கு. வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய சொற்போர்போல் இது தோன்றலாம். ஆராய்ந்து பார்ப்போர்க்கு, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர்க்கு வேண்டிய செய்தி ஒன்று இதனுள் இருப்பது புலனாகும்.

முதலில் மாறிச் செல்வோர் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். அவர்களுக்கு நம் பகுதி ஒரு வரப்பிரசாதம் என்றே கூறவேண்டும். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரையுள்ள இருப்புப்பாதை 1918-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இந்நாட்டு நீர்நிலைகளை நிலையங்களின் வரிசையில் சொல்வதே எளிது. கழக்கூட்டத்துக்குத் தெற்கே, முன்பு கொச்சுவேளி என்றும் இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்றும் வழங்கும் நிலையத்துக்கு அருகில் வேளிக் காயல் இருக்கிறது. வடக்கே கணியாபுரத்தைக் கடந்து முருக்கும்புழையில் இறங்கினால் கடினங்குளம் காயல், வர்க்கலைக்கு அப்பால் இடவா, காப்பில் நிலையங்களை அடுத்து இடவா-நடயறைக் காயல், பின்னர்ப் பரவூர்க் காயல், கொல்லத்தில் அஷ்டமுடி, இன்னும் வடக்கே சென்றால் கேரளத்தின் மிகப்பெரிய நன்னீர் ஏரியாகிய சாஸ்தாங்கோட்டை. நகருக்குத் தெற்கேயுள்ள வெள்ளாயணி, பெயரளவில் காயல் எனப்படினும், உண்மையில் நன்னீர் ஏரியே. இத்துணை நீர்நிலைகள் அருகிருக்க, ஒன்றிலேயே அமர்ந்திருப்பது பேதைமை அன்றோ என்று அவர்கள் கேட்கின்றனர்.

அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. உவர்நீரில் கரிமீனும் மடவையும் கிடைக்கும். வரால் வேண்டுமென்றால் நன்னீருக்கே செல்லவேண்டும். நீரின் இயல்பு மாறினால் இரையும் மாறும். தூண்டிலின் பருமனும் மாறும். பல நீரில் பழகியவன் பல உபாயங்களை அறிவான்.

இனி, ஒரே இடத்தில் இருப்போரின் நியாயத்தைக் காண்போம். ஒரே காயல் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே காயல் அன்று. இடவப்பாதி மழை தொடங்கியதும் வாமனபுரம் ஆற்றின் வெள்ளம் கடினங்குளத்தின் வடபுறத்தில் வந்து கலக்கிறது, உப்பு குறைகிறது. துலாவர்ஷம் ஓய்ந்து கோடை வந்தால் கடல்நீர் ஏறி உப்பு மிகுகிறது. வேளியில் பொழிமுகத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்கிறது. நீர் பெருகி அத்திட்டு உடைந்தபின்னரே கடலும் காயலும் கலக்கின்றன. ஆகவே, ஓராண்டு முழுவதும் ஒரு கரையில் இருந்தவன் மூன்று நான்கு நீர்நிலைகளைக் கண்டவனுக்கு ஒப்பாவான். மாறிச் செல்பவனோ ஒவ்வொரு நீர்நிலையையும் ஒரு நாள் மட்டுமே காண்கிறான். அன்று மீன் கிடைக்காவிடில் ஏரியின்மீது குறை சொல்கிறான். கிடைத்தால் தன் கைத்திறன் என்கிறான். இரண்டுக்கும் காரணம் அவனுக்குத் தெரியாது.

மீன்களிலும் இவ்விரு வகையினர் உண்டு. மடவை கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் பொழிமுகம் வழியே காயலுக்குள் வந்து வளர்கின்றன. கொடுவாயும், நாம் விரும்பி உண்ணும் வெள்ளை இறாலும் அப்படியே. இவை வழிப்போக்கர்கள், பொழிமுகம் அடைபட்டால் இவற்றின் வாழ்வும் தடைபடும். கரிமீன் அவ்வாறன்று. அது காயலிலேயே பிறந்து காயலிலேயே குடும்பம் நடத்துகிறது. நீருள் கிடக்கும் கல்லிலும் கட்டையிலும் முட்டைகளை ஒட்டவைத்து, தாயும் தந்தையும் மாறி மாறிக் காவல் இருக்கின்றன. காவல் நிற்கும் மீனைத் தூண்டிலில் எடுத்துவிட்டால் அக்குஞ்சுகளைச் சுற்றியுள்ள சிறு மீன்கள் தின்றுவிடும். எந்தக் கல்லடியில் எப்போது மீன் அடைகாக்கிறது என்பதை அக்கரையில் பழகியவனே அறிவான். கேரள அரசு 2010-ஆம் ஆண்டில் கரிமீனை மாநில மீனாக அறிவித்தது. அப்பெருமையைக் காப்பது அறிவிப்பன்று, இத்தகைய அறிவே.

இவ்வழக்குக்கு நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு தீர்ப்புக் கண்டிருக்கின்றனர். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாக வரும் இடங்கள் சிலவே, மீனவரோ பலர். எனவே ஒவ்வொரு குழுவினர்க்கும் இன்ன நாளில் இன்ன இடம் என்று முறைவைத்து ஒதுக்கினர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை வேறிடம் செல்வான். வறிய இடம் பெற்றவனுக்கும் நல்ல இடம் வந்து சேரும். கொச்சியை அடுத்த வைப்பீனில் ஊன்றுவலை இடுவோரிடமும், இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதனையொத்த முறை வழங்கிவந்துள்ளது. இடம் மாறுகிறது, நீர் மாறுவதில்லை. மாறுதலும் நிலைத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர்கள் வாழ்க்கையில் கண்டு தெளிந்தனர். ஒரு நீரைப் பலர் நம்பி வாழும்போது, அதனை அனைவரும் காக்கவேண்டும் என்னும் கடமையும் தானே வந்துவிடுகிறது.

அக்கடமைக்கு அண்மைக் காலத்துச் சான்று அஷ்டமுடி. அங்கே கக்கா எடுக்கும் தொழில் 1980-களில் வளர்ந்தது. அளவின்றி எடுத்ததால் 1990-களின் தொடக்கத்தில் வரத்துச் சரிந்தது. அதன்பின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை என்றும், சிறு கண்ணுள்ள வலை கூடாது என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டனர். 2014-ஆம் ஆண்டில், கடல்வளத்தைக் கெடாது பேணும் மீன்பிடிப்புக்குரிய உலகச் சான்றிதழ் இந்தியாவிலேயே முதன்முதலாக இவ்விடத்துக் கக்காத் தொழிலுக்குக் கிடைத்தது. வேறு ஏரிக்குப் போய்விடலாம் என்று எண்ணியிருந்தால் இது நடந்திருக்குமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடினங்குளத்தின் கரைகளில் கயிற்றுத் தொழிலுக்காகத் தேங்காய் மட்டைகளை நீரில் ஊறப்போட்டதால் அடிநீர் கறுத்து, பிராணவாயு குறைந்து, கந்தக நாற்றம் எழுந்து, அவ்விடங்களை விட்டு மீன் அகன்றது. ஆக்குளத்தில் நகரக் கழிவும் ஆகாயத்தாமரையும் நீரை மூடின. இவை ஒரே நாளில் நேர்ந்தவை அல்ல. சென்ற மாதத்து நீரை இந்த மாதத்து நீரோடு ஒப்பிட்டுப் பார்ப்பவனே முதலில் உணர்வான். வாரம் ஓர் ஏரிக்குச் செல்பவன், ‘இங்கு மீன் இல்லை’ என்று கூறி அடுத்த வண்டியைப் பிடிப்பான். ஏரி கெடுவதற்கு அவன் காரணம் அல்லன். ஆயினும் அது கெடுவதை அவன் ஒருநாளும் அறியமாட்டான்.

ஆகவே நம் முடிவு இது. புதிதாகத் தூண்டில் எடுப்போர் ஓராண்டேனும் ஒரே நீரில் பழகுக. ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், ஓதம், மழை, நீரின் நிறம், கிடைத்த மீன் ஆகியவற்றை எழுதி வருக. அதன்பின் பிற ஏரிகளுக்கு விருந்தினராகச் செல்க. செல்லுங்கால் மூன்று நெறிகளைக் கைக்கொள்க. கரையிலுள்ள மீனவரிடம் கேட்டே அமர்க. அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்கோ பொழுதுபோக்கு. சாஸ்தாங்கோட்டைக் கோயில் படித்துறை மீன்களுக்கு அடியார்கள் உணவிட்டுப் போற்றுவர் என்பது போன்ற செய்திகளும் கேட்டால்தான் தெரியும். இரண்டாவது, ஓர் ஏரியின் உயிர்மீனையோ பாசியையோ மற்றோர் ஏரியில் விடாதீர். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, அதாவது ஜிலேபி மீன், நீர்நிலைதோறும் பரவி நாட்டு மீன்களின் இடத்தைப் பற்றிக்கொண்டது. மூன்றாவது, மழைக்காலத்தில் முதலைப்பொழி போன்ற முகத்துவாரங்களின் கற்சுவர்மேல் ஏறி நிற்கவேண்டா. அங்கே தொழில் தெரிந்த மீனவர் பலரே படகு கவிழ்ந்து உயிரிழந்திருக்கின்றனர்.

குடிபெயர்ந்து வந்த நாம், ‘இது நம் ஊர் அன்று, நாளை மாற்றல் வந்தால் போகவேண்டியவர்கள்தாமே’ என்று எண்ணி அருகிலுள்ள நீரைப் பாராமலே பல ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கின்றனர். அவர்களுக்குப் பழவேற்காட்டையும் சொல்லிக்கொடுப்போம், கடினங்குளத்தையும் காட்டிக்கொடுப்போம். வரும் ஓய்வுநாளில் முருக்கும்புழைக்குப் பயணச்சீட்டு வாங்கும் அன்பர்கள், தூண்டிலோடு அந்தக் குறிப்பேட்டையும் மறவாமல் எடுத்துச் செல்வார்களாக.