ஐதராபாத் குளோரோபார்ம் ஆணைக்குழுக்கள்

ஐதராபாத் குளோரோபார்ம் ஆணைக்குழுக்கள் என்பன, மயக்க மருந்தாகப் பயன்பட்ட குளோரோபார்ம் உயிரிழப்பை ஏற்படுத்தும் விதத்தை அறிய 1888, 1889 ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்தில் அமைக்கப்பட்ட இரு ஆய்வுக்குழுக்கள் ஆகும்.

பின்னணி

1847 இல் ஜேம்ஸ் யங் சிம்சன் எடின்பரோவில் குளோரோபார்மை மயக்க மருந்தாக அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் 15 வயதுச் சிறுமி அன்னா கிரீனர், கால் நகத்தை அகற்றும் சிறு அறுவையின்போது இறந்தார். இத்தகைய இறப்புகளில் முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்பதில் மருத்துவர்கள் கருத்து வேறுபட்டனர். மயக்கம் அளிப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இதன் விடையைப் பொறுத்திருந்தது.

ஆய்வுகள்

ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் முதல்வர் எட்வர்டு லாரி, மூச்சே முதலில் நிற்கும் என்றும், ஆகவே மூச்சைக் கவனித்தாலே போதும் என்றும் கருதினார். நாய்களைக் கொண்டு நடத்தப்பட்ட முதல் ஆய்வு அவர் கருத்தை ஆதரித்தது. இலண்டனின் லான்செட் இதழ் அம்முடிவை ஏற்கவில்லை. எனவே ஐதராபாத் நிசாமின் பொருளுதவியுடன், அவ்விதழின் சார்பாளராக லாடர் பிரண்டன் வரவழைக்கப்பட்டார். அவர் பங்கேற்ற இரண்டாம் ஆய்வும் அதே முடிவை எட்டியது.

பிற்கால ஆய்வுகள்

1911 இல் குட்மன் லீவி, மயக்கம் ஆழமாக இல்லாத நிலையிலும் பூனைகளின் இதயக் கீழறைகள் ஒழுங்கற்றுத் துடித்து, திடீர் இறப்பு நேர்வதைக் காட்டினார். மருந்து மிகும்போது மூச்சு நிற்பது உண்மையே. ஆனால் அது மட்டுமே காரணம் அன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

இக்காலத்தில் அறுவை முடியும் வரை மூச்சு, நாடித்துடிப்பு, குருதி அழுத்தம், குருதியின் ஆக்சிசன் அளவு ஆகிய யாவும் கண்காணிக்கப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பு 2008 இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், நாடித்துடிப்பையும் ஆக்சிசன் அளவையும் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இயங்குவதை மயக்கம் அளிக்கும் முன்பே உறுதிசெய்யக் கோருகிறது.