நீர் கூடினால் நிறம் நிற்குமா?

அக்ரிலிக் வர்ணம் இன்று நம் பிள்ளைகளின் கைக்கும் எட்டிவிட்டது. பட்டணத்துப் புத்தகக் கடைகளில் சிறு குழாய்களில் அடைத்து விற்கிறார்கள். அதை வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதை ஒரு தவறு செய்த பிறகே நான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்து லயங்களை உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் வீட்டைப் படமாகத் தீட்டிப் பாட்டிக்குக் கொடுக்க ஆசைப்பட்டாள். பாட்டி அந்த வீட்டில் 40 வருடம் வாழ்ந்தவர். எண்ணெய்ச் சாயம் பூசிய பழைய அலமாரிக் கதவு ஒன்றை அவளிடம் கொடுத்தேன். வர்ணம் குறைவாக இருந்தது. “தண்ணீரை நிறைய ஊற்றிக் கலக்கிக்கொள், போதும்” என்றேன். படம் அழகாகத்தான் வந்தது. லயமும் இடிக்கப்பட்டது. பின்னர் ஒருநாள் அவள் அழுதுகொண்டே வந்தாள்.

“டீச்சர், பாட்டி ஈரத் துணியில தூசி துடைச்சாங்க. வாசப்படி துணியோட வந்திருச்சு!”

குற்றம் பாட்டியுடையதும் அல்ல, பிள்ளையுடையதும் அல்ல, என்னுடையது.

ரப்பர்ப் பாலை நினையுங்கள்

பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும். ரப்பர்ப் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துளிகள். தண்ணீர் வற்றினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஏடாகின்றன. அக்ரிலிக் வர்ணமும் ஏறக்குறைய இப்படித்தான். அதில் நிறத்தூள், ஒரு வகைப் பிளாஸ்டிக்கின் நுண்துளிகள், தண்ணீர் ஆகிய மூன்றும் உள்ளன. தண்ணீர் போனதும் அத்துளிகள் இணைந்து, நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் தோலாகின்றன. நன்றாகக் காய்ந்த பின் அது தண்ணீரில் கரையாது.

மழைநீர் கலந்த பாலில் ரப்பர் குறைவு. அதுபோல் நீர் மிகுந்த வர்ணத்தில் பசை குறைவு. பசை குறைந்த நிறம் வழவழப்பான கதவில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

எதன்மேல் தீட்டலாம்?

அப்படியானால் வர்ணத்தில் நீர் கலக்கவே கூடாதா? தாராளமாகக் கலக்கலாம். ஆனால் தளம் நீரைக் குடிப்பதாக இருக்க வேண்டும்.

தாள்: நீர்வர்ணத்திற்கென்று விற்கும் கெட்டித் தாளே சிறந்தது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் நாருக்குள் இறங்கிவிடும். சாதாரணச் சித்திரத்தாள் ஈரத்தில் நெளியும். எந்தத் தாளானாலும் நான்கு ஓரங்களையும் காகித நாடாவால் பலகையில் ஒட்டிக்கொண்டு தீட்டுவது நல்லது.

பிளைவுட் பலகை: மணல்தாளால் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். ‘ஜெஸோ’ எனும் வெள்ளைப் பூச்சை இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். வெறும் பலகையில் தீட்டினால் நாளடைவில் மரத்தின் பழுப்புக் கறை மேலே வரக்கூடும்.

கித்தான்: கடையில் வாங்குவது பெரும்பாலும் பூச்சிட்டதாகவே வரும். அதில் நீர் மிகுந்தால் நிறம் திட்டுத்திட்டாகத் தேங்கும். ஒரு பங்கு வர்ணத்திற்கு ஒரு பங்கு நீருக்குமேல் போகாதீர்கள். இன்னும் மெல்லிய நிறம் வேண்டுமென்றால், நீருக்குப் பதிலாக ‘அக்ரிலிக் மீடியம்’ சேருங்கள். அது நிறமில்லாத அதே பசைதான்.

எண்ணெய்ச் சாயம் பூசிய கதவு, கண்ணாடி, வழவழப்பான தகரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

சந்தேகமா? ஒரு மூலையில் தீட்டி ஒருநாள் காயவிட்டு, ஈரமான வெள்ளைத் துணியால் மெல்லத் துடையுங்கள். துணியில் நிறம் ஏறினால் பசை போதவில்லை என்று பொருள். இந்தச் சிறு சோதனையை அன்று நான் செய்திருந்தால் ஒரு பிள்ளை அழுதிருக்காது.

தூரிகையை வர்ணம் காயுமுன்னே கழுவிவிடுங்கள். காய்ந்தால் அதைக் குப்பையில்தான் போட வேண்டும்.

அந்த மாணவி மீண்டும் தீட்டினாள். பார்த்து வரைய வீடு இல்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கெட்டித் தாளில் வாசப்படியும் முருங்கை மரமும் வந்தன. இப்போது அந்தப் படம் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

பெற்றோர்களே, தோட்டங்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றைத் தீட்டட்டும். தீட்டியது நிலைக்கும்படி நல்ல தளத்தையும் நாம் தேடித் தருவோம்.