பல்லுக்குள் ஒரு கூழ்: சுண்ணாம்பா, சிமெண்டா?

சித்தூரில் கூழ் என்றால் மாம்பழக் கூழ்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஒவ்வொருவருடைய பல்லுக்குள்ளும் ஒரு கூழ் இருக்கிறது. பல்லின் மேலே எனாமல், அதனடியில் டென்டின், அதற்கும் உள்ளே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான சதை. பேச்சு வழக்கில் "பல் நரம்பு" என்று சொல்லப்படுவது இந்தப் பற்கூழ்தான்.

சொத்தையைச் சுரண்டும்போதோ, அடிபட்டுப் பல் உடையும்போதோ பற்கூழ் வெளியே தெரிந்துவிடுவது உண்டு. "நரம்பு தெரிந்துவிட்டது, இனிப் பிடுங்க வேண்டியதுதான்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பிடுங்குவதே சுலபமாகவும் தோன்றும். ஆனால் காலத்தில் கவனித்தால் இத்தகைய பல்லைக் காப்பாற்ற முடியும்.

எலிகள் காட்டிய உண்மை

1965-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. கிருமிகளே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளின் பற்களில் துளையிட்டு, கூழைத் திறந்தபடியே விட்டார்கள். கூழ் பிழைத்தது. துளையின் மேல் புதிய டென்டின் பாலம்போல் வளர்ந்து மூடியது. சாதாரண எலிகளுக்கோ கூழ் அழுகிப் போயிற்று. கூழைக் கொல்வது திறப்பு அல்ல, கிருமியே என்பது இதனால் விளங்கியது. ஆகவே, மூடும் மருந்து கிருமியைத் தடுக்க வேண்டும். புதிய டென்டின் வளரவும் தூண்ட வேண்டும்.

மூன்று மருந்துகள்

முதலாவது, கால்சியம் ஹைட்ராக்சைடு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் 1920-ல் இதைப் பல் மருத்துவத்தில் புகுத்தினார். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். விலை மலிவு, கிருமியைக் கொல்லும். ஆனால் நாளடைவில் கரைந்துவிடும். இதனடியில் வளரும் பாலத்திலும் நுண்ணிய துளைகள் இருப்பது உண்டு.

இரண்டாவது, எம்.டி.ஏ. 1990-களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாட் குழுவினர் உருவாக்கியது. வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் நெருங்கிய உறவு இது. தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடையும் வெளிவிடுகிறது. நன்றாக அடைத்தும் கொள்கிறது. இறுக சுமார் 2 மணி 45 நிமிடம் ஆகும். பல் கறுக்கவும் கூடும். விலையும் அதிகம்.

மூன்றாவது, பிரெஞ்சு நிறுவனமான செப்டோடான்ட் தயாரிக்கும் பயோடென்டின். இதுவும் சிமெண்ட் இனம்தான். சுமார் 12 நிமிடத்தில் இறுகும். பல்லின் நிறத்தை மாற்றுவது குறைவு. ஆகவே முன்பற்களுக்கு ஏற்றது.

எது மேல்?

2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 376 பேருக்குச் சிகிச்சை தந்து இரண்டு ஆண்டுகள் வரை கவனித்தார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தவற்றில் தோல்வி 31.5 சதவீதம், எம்.டி.ஏ. வைத்தவற்றில் 19.7 சதவீதம். சிமெண்டின் கை ஓங்கியிருக்கிறது. ஆனாலும் பழைய மருந்திலேயே மூன்றில் இரண்டு பங்கு பற்கள் பிழைத்தன என்பது கவனிக்கத்தக்கது. விலை கூடிய மருந்துக்குக் காசில்லை என்பதற்காகப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. எந்த மருந்தானாலும் மேலே நிரந்தர அடைப்பு விரைவில் வைக்கப்பட வேண்டும். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருந்தால் கிருமி மறுபடி நுழைந்துவிடும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

"பன்ட்டி நொப்பி" என்று தெலுங்கில் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. குளிர்ந்த நீர் பட்டுச் சுரீரென்று வலித்துச் சில விநாடிகளில் அடங்குகிறதா, அல்லது இரவில் தானாகவே விண்விண்ணென்று வலித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று சொல்ல வேண்டும். முதல் வகையில் கூழைக் காப்பாற்ற நல்ல வாய்ப்புண்டு. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் வேர் சிகிச்சை தேவைப்படும்.

வீட்டிலேயே வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது; வாயை வேக வைத்துவிடும். பல்லுக்கு வைப்பது மருத்துவத்துக்கென்றே தூய்மையாகத் தயாரிக்கப்பட்டது.

திருப்பதியில் சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரியும், கடப்பாவில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகச் செலவு குறைவு. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால், பொங்கல் வருவதற்குள் பல் போய்விடக்கூடும்.