புல்லின்றிக் காடில்லை

காட்டை மீட்பது என்றவுடன் மரக்கன்று நடுவதே நம் நினைவுக்கு வருகிறது. குழி தோண்டுகிறோம், கன்றை ஊன்றுகிறோம், சில ஆண்டுகளில் காடு திரும்பிவிட்டது என்று மகிழ்கிறோம். ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் இருந்தோரும் இவ்வாறே எண்ணினர். அங்கே பைன் மரங்கள் வளர்ந்தன. ஆனால் காடு திரும்பவில்லை. காரணத்தைத் தேடிப் புறப்பட்டால், காலால் மிதித்துக் கடந்துவிடும் ஒரு புல்லின் முன்னே வந்து நிற்கிறோம்.

வர்ஜீனியாவின் தென்பகுதி தொடங்கி டெக்சாசின் கிழக்குப் பகுதி வரை, ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கர் பரப்பில் நீண்ட ஊசியிலைகளையுடைய பைன் காடு பரந்திருந்தது. மரங்கள் விலகி விலகி நின்றமையால் கதிரவனின் ஒளி தரைவரை இறங்கியது. அத்தரையிலோ, சில இடங்களில் ஒரே சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்! ஜார்ஜியா, புளோரிடா போன்ற பகுதிகளில் அவற்றுள் தலைமையானது, கம்பிபோல் மெலிந்த இலைகளையுடைய ஒரு புல். அம்மக்கள் அதனைக் கம்பிப்புல் என்றே அழைக்கின்றனர்.

இப்புல்லுக்கு விந்தையானதோர் இயல்பு உண்டு. இளவேனிலின் பிற்பகுதியிலோ கோடையிலோ தீயில் கருகினால்தான் அது செழிக்கப் பூத்து விதை தருகிறது. குளிர்காலத்தில் எரித்தாலும், எரிக்காமலே விட்டாலும் பூப்பது அரிது. இடி மின்னலால் எழும் தீ உயரக் கிளம்பாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். பைன் கன்றும் இத்தீக்கு ஏற்றவாறே அமைந்துள்ளது. முதற்சில ஆண்டுகள் அது தண்டே இல்லாமல், புற்கற்றை போலத் தரையில் அமர்ந்து வேரை மட்டும் ஆழமாக இறக்குகிறது. இலைகள் எரிந்தாலும் நடுக்குருத்து பிழைத்துக்கொள்கிறது.

இதனை அறியாதவர்கள் தீயைப் பகைவனாகக் கருதினர். 1928 முதல் மூன்றாண்டுகள், திரைப்படக் கருவிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று, காட்டை எரிக்காதீர் என்று பிரசாரம் செய்தனர். நல்லெண்ணத்தோடு செய்த பணிதான். பிரசங்கம் செய்து பழகிய நமக்கு அவர்கள்மேல் பரிவு தோன்றாமலில்லை! ஆனால் காடைப் பறவைகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸ்டாடார்ட் என்பவர், தீயும் இக்காட்டுக்குத் தேவையே என்று 1931-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். அன்று அதற்குச் செவிசாய்த்தவர் சிலரே.

பின்னர் காகித ஆலைகளுக்காக வேறு பைன் இனங்களை நெருக்கமாக நட்டனர். அதற்கு முன்னர், கத்திகள் பொருத்திய கனத்த உருளைகளைத் தரைமீது ஓட்டினர். கம்பிப்புல்லின் வேர் பெயர்ந்தது. ஒருமுறை உழப்பட்ட நிலத்தில் அது பல பத்தாண்டுகள் கழிந்தும் தானாகத் திரும்புவதில்லை. ஆகவே, இன்று காட்டுத் தரையைப் பார்த்தே, முன்னாளில் அங்கே ஏர் ஓடியதா என்று வல்லுநர்கள் சொல்லிவிடுகின்றனர்.

எனவே புல்லையும் விதைத்தாக வேண்டும். முதலில், பழைய புல்வெளி எஞ்சியுள்ள ஓரிடத்தைத் தேடிக் கோடையின் தொடக்கத்தில் எரிக்கின்றனர். அவ்வாண்டின் இறுதியில் விதை முற்றியதும், சுழலும் தூரிகை பொருத்திய இயந்திரத்தால் அதை உதிர்த்துச் சேர்க்கின்றனர். கம்பிப்புல்லோடு கூடப் பிற செடிகளின் விதைகளும் கலந்தே வருகின்றன, அதுவும் நன்மையே. மறுபுறம், விதைக்க வேண்டிய நிலத்தில் தென்னமெரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொணர்ந்த பாஹியாப் புல் வேரோடியிருக்கும். அதை முற்றும் ஒழிக்காமல் விதைத்தால் உழைப்பு அத்தனையும் வீணே. பொறுமையற்றோர் தோற்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான் என்பது நம் எண்ணம். நிலம் வெறுமையான பின்னரே, குளிர்காலத்தில் விதையைத் தூவி மண்ணில் அழுத்துகின்றனர். சிறு திடல்களில் நாற்றுகளைக் கையாலேயே நடுவதும் உண்டு.

30 இலட்சம் ஏக்கரளவுக்குச் சுருங்கிய இக்காடு இன்று ஏறத்தாழ 50 இலட்சம் ஏக்கராக வளர்ந்துள்ளது. எனினும் இது மரத்தை வைத்துப் போட்ட கணக்கு. மரம் நிற்கும் இடமெல்லாம் புல் நிற்பதில்லை. அங்குள்ள கோபர் ஆமை புல்லையும் பூண்டையும் தின்றே வாழ்கிறது. அது தோண்டும் வளைகளில் 350-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் ஒதுங்குகின்றன. அவற்றுக்கெல்லாம் வெறும் மரத்தால் பயனென்ன?

விதைத்த புல் தழைத்து ஒன்றோடொன்று நெருங்கியதும், பணியாளர் மீண்டும் அந்நிலத்துக்குத் தீ வைக்கின்றனர். சில வாரங்களில் கருகிய தூரிலிருந்து பசுந்தளிர் எழுகிறது. பூங்கதிர் வருமா என்று இலையுதிர்காலம் வரை அவர்கள் காத்திருக்கின்றனர்.