மானிப்பாயிடம் விடைபெற்ற தம்பதியர்

ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அண்மையிலுள்ள மானிப்பாய், ஓர் அமெரிக்கத் தம்பதியரை என்றும் மறவாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், இடையில் தாயகம் சென்று, 1862 இல் மார்கரெட் அம்மையாரை மணந்து மீண்டும் வந்தார். ஆங்கிலங் கற்ற வைத்தியர் ஊரில் தங்காமை கண்டு, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே நம் இளைஞருக்குக் கற்பித்தார்.

1873 இல் இருவரும் விடைபெற்றனர். கப்பல் ஏறிய பின்னும் அவர் கை ஓயவில்லை. தமிழ் வைத்திய நூற்பணியை அமெரிக்காவிலிருந்தே தொடர்ந்தார். ‘கெமிஸ்தம்’ 1875 இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883 இலும் வெளிவந்தன. மறு ஆண்டில் அவர் காலமானார். தமிழருக்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்படவேண்டுமென விரும்பினார்.

அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் இன்றும் உண்டு. பிறந்த மண்ணிலிருந்தும் நம் மொழிக்காக உழைத்த அவர் வரலாற்றை, நம் வீட்டுப் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.