பயிர்க்காவல் துவக்கு: வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, கரட், கோவா, லீக்ஸ் ஆகியவற்றைப் பயிரிடும் கமக்காரர், பல வாரப் பாட்டின் பயனை ஓரிரவில் இழப்பதுண்டு. மாலையில் ஒழுங்காக நின்ற பாத்தி, காலையில் மண்வெட்டியாற் கிளறியதுபோற் கிடக்கும். கிழங்கு பாதி தின்னப்பட்டிருக்கும்; மீதி மிதிபட்டிருக்கும். காட்டுப்பன்றிக் கூட்டம் வந்துபோன அடையாளம் அது. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கங்களில் நெல் விதைப்போரும் கதிர் முற்றும் காலத்தில் இத்துன்பத்தை நன்கு அறிவர்.

இவ்வாறு நட்டமடைந்தவர் முதலில் நினைப்பது துவக்கு ஒன்றை வாங்குவதைப் பற்றியே. அதற்கு நாள் பிடிக்கும் எனக் கேள்விப்பட்டதும், கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, பன்றிவெடி ஆகிய குறுக்கு வழிகளில் அவர் மனம் செல்லும். இவற்றுட் சட்டம் இடந்தருவது எது, எத்தகைய துவக்கு மலைச்சரிவுக்குப் பொருந்தும், அதை எவ்வாறு தேர்ந்து ஆயத்தம் செய்தல் வேண்டும் என்பன இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

பொறிக்குக் கண் இல்லை

2020 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆந் திகதி, நல்லதண்ணி லக்சபான தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கிற் கழுத்து மாட்டிக்கொண்ட நிலையிற் காணப்பட்டது. வனவிலங்கு அதிகாரிகள் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தனர். எனினும் அது 29 ஆந் திகதி இறந்தது. மலைநாட்டில் இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் பன்றியைக் கருதியே வைக்கப்படுகின்றன. ஆனால் வருவது பன்றியா, சிறுத்தையா, அயல்வீட்டு நாயா, விறகு பொறுக்கச் சென்ற பிள்ளையா என்று கம்பி பார்ப்பதில்லை.

கட்டுத்துவக்கும் அத்தன்மையதே. கயிற்றில் எவர் கால் பட்டாலும் அது வெடிக்கும். தீனியில் மறைத்து வைக்கும் பன்றிவெடி, மாட்டின் தாடையையும் சிதைக்கும். பொதுமின்சாரத்தைக் கம்பியிற் பாய்ச்சி வேலி அமைப்பது இவை யாவற்றினுங் கொடிது. காவலுக்குச் சென்ற கமக்காரரே அதில் மாண்டதுண்டு. இவை அனைத்தும் சட்டத்துக்கு மாறானவை.

பார்த்து அறிந்து செய்பவன் ஒருவன் பின்னால் நிற்பதே துவக்கைப் பொறியிலிருந்து வேறுபடுத்துகின்றது. பாராமற் சுடப்படும் துவக்கும் பொறியே. இதனை மனத்திற் கொண்டே பின்வருவனவற்றைப் படித்தல் வேண்டும்.

எத்தகைய துவக்கு?

1848 இல் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பெயர்பெற்ற வேட்டைக்காரர். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் 1840 இல் அவருக்கெனச் செய்துகொடுத்த ரைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. அது யானையைக் கருதிச் செய்யப்பட்டது. கருவியைத் தொழிலுக்கு ஏற்பத் தேர்தல் வேண்டும் என்பதே அதிலிருந்து கமக்காரர் கொள்ளத்தக்க பாடம். அக்காலத்து வேட்டை இக்காலத்துக்கு உரியதன்று. மலைநாட்டுக் காடுகளிலிருந்து யானை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

ரைபிளின் குழலினுள்ளே திருகு வரிகள் உள்ளன. அவை ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்துகின்றன. அக்குண்டு இலக்கைத் தவறினாற் கிலோமீற்றர்க் கணக்கில் அப்பாற் செல்லும். ஒரு மலையிற் பாத்தியும் எதிர்மலையில் லயன் வீடுகளும் அமைந்துள்ள தோட்டப் பகுதிக்கு அது ஒவ்வாது.

கமக்காரர்க்குப் பொதுவாக உரியது ஷொட்கன் என்று வழங்கும் சன்னத் துவக்காகும். இதன் குழல் உட்புறம் வழவழப்பானது. ஒரு தோட்டாவிலிருந்து பல சன்னங்கள் பரந்து செல்லும். நாட்டிற் பெரிதும் வழங்குவது 12 போர்த் துவக்கு. குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறைக்கும் என்பதே இவ்வெண்ணின் பொருள். எனவே 20 போர்த் துவக்கு 12 போரினுஞ் சிறியது. குறைந்த தூரத்துக்கே சன்னத் துவக்குப் பயன்படும். பன்றியைப் பொறுத்தவரையில் 25 மீற்றருக்கு உட்பட்ட தூரமே தக்கது. ஆனால் தவறிய பெருஞ் சன்னங்கள் அரைக் கிலோமீற்றருக்கும் அப்பாற் செல்ல வல்லன என்பதை மறக்கலாகாது.

அனுமதிப்பத்திரம் முதலில், துவக்குப் பின்னர்

துவக்கு வைத்திருத்தல் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு அமைந்தது. பயிர்க்காவலுக்கு வேண்டுவோர் மாவட்டச் செயலகத்தில் விசாரித்து விண்ணப்பித்தல் வேண்டும். விண்ணப்பதாரரின் நடத்தை, பயிர் நிலம், விலங்குகளால் விளைந்த சேதம் என்பன பற்றி அதிகாரிகள் விசாரிப்பர். ஆதலின் சேதம் நேர்ந்த ஒவ்வொரு முறையும் திகதியையும் பயிரையும் பரப்பையும் குறித்து, கிராம உத்தியோகத்தருக்கும் கமநல நிலையத்துக்கும் தெரிவித்து வைத்தல் நன்று. தோட்டக் காணியைக் குத்தகைக்குப் பெற்றுப் பயிரிடுவோர், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் காட்டும் எழுத்தைத் தேடி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அனுமதி கிடைக்குமுன் துவக்கை வீட்டுக்குக் கொணர்தலும், பிறர் பெயரிலுள்ள துவக்கை இரவல் வாங்குதலும் குற்றமாகும். அனுமதி பெற்ற துவக்கு எல்லா விலங்கையும் சுட அனுமதி தருவதன்று. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ச் சிறுத்தையும் மரையும் காக்கப்பட்டவை. ஏனைய விலங்குகளைப் பற்றி அண்மையிலுள்ள வனவிலங்குக் காரியாலயத்திற் கேட்டறிந்த பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும்.

வாங்கும்போது நோக்க வேண்டியவை

1. முதலில் துவக்கைத் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் அறிக. விற்பவர் "வெறுந் துவக்கு" என்று சொல்லுதல் போதாது.

2. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்குக. கறுத்த குழிகள் துரு அரித்தவை. நெளிவு தோன்றினால் அக்குழலை விலக்குக.

3. துவக்கை மூடிக் குலுக்கிப் பார்க்க. குழலும் பின்பகுதியும் சேருமிடத்தில் ஆட்டமோ வெளிச்சமோ தெரியலாகாது.

4. விசை இலேசாகத் தட்டினால் இறங்கலாகாது. காப்புப் பூட்டை இட்டபின் விசையை இழுத்தால் அது அசையலாகாது.

5. குழலிற் பொறித்துள்ள சோதனை முத்திரையையும் தோட்டா அறையின் நீளத்தையும் படித்துக் குறித்துக்கொள்க. கம்பி முறுக்கிச் செய்த பழைய குழல்கள் கரிமருந்துக்கென ஆனவை. அவற்றில் இக்காலத் தோட்டாவை இடுதல் உயிருக்கு இறுதியாகும்.

6. துவக்கின் இலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

உடலுக்குப் பொருத்துதல்

பிறனுக்குத் தைத்த சட்டை நமக்கு அளவாகாததுபோலப் பிறன் தோளுக்கு அமைந்த துவக்கும் நமக்கு அளவாகாது. வெறுந் துவக்கை எடுத்து, மண்மேட்டிலுள்ள ஒரு புள்ளியை நோக்கி, கண்களை மூடித் தோளில் ஏற்றுக. பின்னர் கண்களைத் திறக்க. குழலின் நடுக்கோட்டின் வழியே புள்ளி தெரிந்தால் கட்டை பொருந்தியது எனலாம். குழல் மேல்நோக்கியோ பக்கம் சாய்ந்தோ நின்றால் கட்டையைத் திருத்தல் வேண்டும். கட்டை குறுகியதாயின் பின்புறத்தில் இறப்பர்த் தட்டு வைக்கலாம். நீண்டதாயின் தேர்ந்த தொழிலாளியிடம் கொடுத்துக் குறைப்பிக்கலாம்.

இச்சோதனையைக் கடையில் மெல்லிய சட்டையுடன் செய்தாற் போதாது. நுவரெலியாக் குளிரில் இரவுக் காவலுக்குத் தடித்த கம்பளி உடுப்பு வேண்டும். அதனை அணிந்தபோது அதே கட்டை நீண்டதாகிவிடும். காவலுக்குச் செல்லும் உடையுடனேயே அளவு பார்க்க.

அடுத்தது கடதாசிச் சோதனை. அனுமதியுள்ள, பின்னால் உயர்ந்த மண்திட்டையுடைய இடத்திற் பெரிய கடதாசியை நிறுத்தி, காவலுக்குப் பயன்படுத்தப்போகும் அதே வகைத் தோட்டாவால் 25 மீற்றரிலிருந்து சுட்டுப் பார்க்க. சன்னங்கள் எங்கே கூடின, எவ்வளவு பரந்தன என்பது தெரியும். துவக்குச் செய்வோர் 36 மீற்றர் தூரத்தில் 76 சென்ரிமீற்றர் வட்டத்தினுள் விழும் சன்னங்களை எண்ணுவர். குழல்வாய் முற்றும் ஒடுங்கிய துவக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கும், ஒடுக்கமில்லாததில் ஏறத்தாழ 40 பங்கும் அவ்வட்டத்தினுள் விழும். தன் துவக்கின் இயல்பை இவ்வாறு அறியாதவர் இருளில் அதனைச் சுடுதல் தகாது.

தோட்டாவிற் கவனம்

தோட்டா அறையின் நீளத்துக்கு மேற்பட்ட தோட்டாவை ஒருபோதும் இடலாகாது. 12 போர்த் துவக்கினருகே 20 போர்த் தோட்டா இருத்தலும் ஆகாது. சிறிய தோட்டா பெரிய குழலினுள் வழுகிச் சென்று நடுவிற் சிக்கும். அறை வெறிதாயிருக்கக் கண்டு அதன் பின்னால் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை சிதறும். வழுக்கி விழுந்து குழல்வாயிற் சேறு புகுந்தாலும் இதே கேடு நேரும். மழைக்காலத்து மலைப்பாதையில் நடப்போர், விழுந்தெழுந்ததும் தோட்டாவை நீக்கிக் குழலைப் பார்த்த பின்னரே மேற்செல்லல் வேண்டும்.

மலைச்சரிவிற் சுடுதல்

பாத்தியின் மேற்புறத்தில் நின்று, சன்னம் மண்ணில் இறங்குமாறு கீழ்நோக்கிச் சுடுதலே முறை. மலைமுகட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் உருவத்தை நோக்கிச் சுடலாகாது; முகட்டுக்கு அப்பால் என்ன உள்ளது என்பது எவருக்கும் தெரியாது. லயன், குறுக்குப்பாதை, நீர்க்குழாய், கோயில் ஆகியன உள்ள திசைகளைப் பகலிலேயே பார்த்து, அத்திசைகளில் என்றும் சுடுவதில்லை என உறுதிகொள்ளல் வேண்டும். காவல் இருவரெனின், ஒருவர் இருக்குமிடத்தை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். இடம் மாறும்போது குரல் கொடுத்தல் வேண்டும்.

விளக்கொளியில் மின்னும் இரு கண்கள் பன்றியின் கண்களே என்று கொள்ளலாகாது. மாட்டுக்கும் நாய்க்கும் சிறுத்தைக்கும் கண்கள் மின்னும். சருகின் ஓசையை நோக்கிச் சுடுபவர், ஒரு நாள் தன் அயலவரைச் சுடுவார். முழு உடலும் தெரிந்து, அது இன்ன விலங்கு என உறுதியான பின்னரே விரல் விசைக்குச் செல்லல் வேண்டும். ஐயம் இருப்பின் சுடாதிருத்தலே காவல். ஒரு பாத்தி கோவா போனால் அடுத்த போகத்தில் விளையும். போன உயிர் விளையாது. காயமுற்ற பன்றி தேயிலைச் செடிகளிடையே ஒளிந்தால் இருளிற் பின்தொடரலாகாது. அது திரும்பிப் பாயும்.

வீட்டில் வைத்தல்

வீட்டு வாயிலிற் கால் வைக்குமுன் தோட்டா வெளியே வருதல் வேண்டும். துவக்கு ஒரு பூட்டினுள்ளும், தோட்டா வேறொரு பூட்டினுள்ளும் இருக்கட்டும். திறப்புப் பிள்ளைகளுக்கு எட்டலாகாது. மதுவருந்திய ஒருவர் கையில் அது எக்காரணத்தாலும் சேரலாகாது. மலைநாட்டு மூடுபனியில் இரும்பு விரைவிற் துருப்பிடிக்கும். காவல் முடிந்து வந்ததும் குழலை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுக. தோலுறையினுள் நெடுநாள் வைத்தல் ஆகாது. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிப்பிக்கும்.

துவக்குக்கு முன் வேலி

துவக்கு ஓரிரவைக் காக்கும். வேலி பருவம் முழுவதையும் காக்கும். பாத்திக்கு அண்மையிலுள்ள மானாப்புற் பற்றைகள் பன்றியின் பகற்படுக்கை. அவற்றைத் துப்புரவு செய்தல் வேண்டும். அழுகிய கிழங்கையும் கழித்த கோவாவையும் வரம்பிற் குவித்தல் விருந்துக்கு அழைத்தலாகும். அவற்றைக் குழியிற் புதைத்துப் பசளையாக்குக. அடிக்கம்பி நிலத்தை ஒட்டிய வேலியையே பன்றி எளிதிற் கடக்காது. அடுத்தடுத்த காணிக்காரர் ஒன்றுகூடி ஒரே வேலி அமைத்து, முறைவைத்துக் காவல் செய்தாற் செலவும் விழிப்பும் பங்காகும்.

இவ்வளவும் செய்த பின்னரும் சேதம் நீங்காவிடின், சட்டப்படி பெற்ற, அளவு பார்த்த, இயல்பறிந்த துவக்குக்கு இடமுண்டு. அதனைத் தாங்குபவர் பன்றியினும் பொறுமையுடையவராயிருத்தல் வேண்டும். பல இரவுகள் சுடாமலே விடிந்தாலும், அயலவரும் பிள்ளைகளும் அச்சமின்றி நடக்கும் மலைப்பாதை நிலைக்குமாயின் அக்காவல் பயனுடையதே.