வெள்ளைத் தரையை நம்பலாமா?

குளச்சலிலிருந்து நாலைந்து நண்பர்களாகச் சைக்கிளில் கன்னியாகுமரி நோக்கிப் புறப்படுங்கள். மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம், ஈத்தாமொழி ஆகிய ஊர்களைத் தாண்டினால் புத்தளம் வரும். புத்தளமும் அடுத்துள்ள சாமிதோப்பும் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றவை. இலங்கையிலும் ஒரு புத்தளம் உண்டு. அதுவும் உப்பு விளையும் ஊர்தான்!

ஆப்பிரிக்காவில் மனிதர் யாரும் வெட்டாத உப்பளங்கள் இருக்கின்றன. போட்ஸ்வானா நாட்டிலுள்ள மக்கடிக்கடி அவற்றுள் ஒன்று. அதன் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஆறு மடங்கு! மரமில்லை, மேடில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரைதான். நண்பர்கள் குழுவாக ஜீப்புகளில் இதைக் கடந்து செல்வதுண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஜீப் சில இடங்களில் திடீரென்று அச்சு வரை சேற்றில் இறங்கிவிடும்.

நம் ஊர் உப்பளத்தில் தொழிலாளர்கள் நாள் முழுவதும் நடந்து உப்பு வாருகிறார்கள். அவர்கள் கால் புதைவதில்லை. அங்கே மட்டும் ஏன் இப்படி?

முதலில் நம் உப்பளத்தைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் சமையல் உப்பு ஏறக்குறைய 27 கிராம். நீர் வற்ற வற்ற இவை எல்லாம் ஒரே சமயத்தில் படிவதில்லை, வரிசையாகத்தான் படிகின்றன. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம். பத்து லிட்டர் நீர் ஒரு லிட்டராகச் சுருங்கும்போதுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். இதை அறிய நீரின் அடர்த்தியை ஒரு மானியால் அளப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். 25 டிகிரி வந்ததும் உப்பு விளையும். 30 டிகிரியை நெருங்கும்போது, எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். அதில் மக்னீசிய உப்புகள் மிகுதி. வடிக்காவிட்டால் உப்பு கசக்கும்; காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும்.

இன்னொரு வேலையும் உண்டு. நீர் பாய்ச்சுவதற்கு முன்பே பாத்தியின் களிமண் தரையை மிதித்து மிதித்து இறுக்கிவிடுவார்கள்.

மக்கடிக்கடியில் இந்த இரண்டுமே நடக்கவில்லை. ஒரு காலத்தில் அது பெரிய ஏரி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போயிற்று. இன்றும் மழைக்காலத்தில் ஆற்றுநீர் உப்புகளைச் சுமந்து வருகிறது. வந்த நீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை. வெயிலில் வற்ற வேண்டியதுதான். ஆகவே எல்லா உப்புகளும் அங்கேயே தங்கிவிடுகின்றன. சலவைச் சோடா கூட அங்கே கிடைக்கிறது! 1991 முதல் அதை ஆலை வைத்து எடுக்கிறார்கள்.

மேலே காய்ந்த உப்பு, பானைக்கு மூடி போட்டதுபோல அமைந்துவிடுகிறது. மூடிக்குக் கீழே உள்ள உப்புநீர் எளிதில் ஆவியாவதில்லை. யாரும் மிதித்து இறுக்காத அந்தக் களிமண், மேலே வெயில் கொளுத்தினாலும் சேறாகவே கிடக்கிறது. மூடி உடைந்தால் ஜீப் உள்ளே!

அனுபவசாலிகள் அங்கே தனி வண்டியில் போகமாட்டார்கள். ஒன்று சிக்கினால் மற்றது கயிறு கட்டி இழுக்க வேண்டுமே! முன்பு வண்டி போன தடத்திலேயே செல்வார்கள். மென்மையான தரையில் டயரின் காற்றைச் சற்றுக் குறைப்பார்கள். டயர் அகன்று அதிக இடத்தில் படியும். எடை பரவுவதால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் அழுத்தம் குறையும். வயல் சேற்றில் வெறுங்காலோடு நில்லுங்கள். பிறகு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். வேறுபாடு தெரியும்.

நம் உப்பளத்திலும் அனுமதி இல்லாமல் பாத்திக்குள் இறங்காதீர்கள். வரப்பில் நின்றே பாருங்கள். பலர் பாடுபட்டு இறுக்கிய தரை அது.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பீங்கான் தட்டில் கடல்நீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். உப்புப் படிகங்கள் தோன்றியதும் பாதியை எடுத்து, நீரை வடித்துக் காயவிடுங்கள். மீதியைத் தட்டிலேயே முழுவதும் வற்றவிடுங்கள். இரண்டையும் மழைநாளில் திறந்து வையுங்கள். எது முதலில் கசிகிறது? ஏன்?